றவுஸ் சிமன்ஸ்: ஒரு மரக்கலத்தின் உழைப்பும் அழிவும்

கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் கப்பற்றலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 1912ஆம் ஆண்டு நவெம்பர் 23ஆம் நாள் காணாமற்போன ‘றவுஸ் சிமன்ஸ்’ என்னும் பாய்மரச் சரக்குக் கலம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ‘நத்தார் மரக் கப்பல்’ என்ற பெயரில் அது பாடல்களிலும் நாடகங்களிலும் சிறுவர் நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. நல்ல மனம் படைத்த ஒரு தலைவன், பனிப்புயல், அவன் வரவை எதிர்பார்த்து நின்ற நகரம் என்பனவே அக்கதையின் கூறுகள். ஆனால், நாற்பத்துநான்கு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த மரக்கலமொன்று குளிர்காலத்தின் வாசலில், மேற்றட்டிலும் சரக்கைக் குவித்துக்கொண்டு ஏன் புறப்பட்டது என்ற கேள்வி அக்கதையில் எழுவதில்லை. நாம் இங்கு எழுப்ப விரும்புவது அக்கேள்வியையே.

இக்கலம் 1868இல் மில்வாக்கியிற் கட்டப்பட்டது. நீளம் 123 அடி, பாய்மரங்கள் மூன்று. ஸ்கூனர் என அழைக்கப்படும் இவ்வகைக் கலத்திற் பாய்கள் குறுக்குவாட்டில் அன்றிக் கலத்தின் நீளவாட்டில் அமைவன. ஆதலால் அவற்றைப் பெரும்பாலும் தட்டில் நின்றபடியே இயக்கலாம். சதுரப்பாய்க் கப்பலுக்கு வேண்டிய ஆட்தொகை இதற்கு வேண்டியதில்லை. ஆழங்குறைந்த ஆற்றுமுகங்களுக்குள்ளும் நுழையத்தக்கதாக அடிப்புறம் தட்டையாக அமைந்திருந்தது. காற்றுக்குப் பக்கவாட்டில் ஒதுங்காதிருக்க நடுவே ஏற்றி இறக்கும் பலகையொன்றும் உண்டு. குறைந்த கூலியாட்களைக் கொண்டு கூடிய சரக்கை எடுத்துச் செல்லும் தேவையே இவ்வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம். கப்பற்றச்சரின் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அத்திறனை விலைக்கு வாங்கியது எது என்பதையே சுட்டுகின்றோம்.

அன்று பேரேரிகளின் பாய்க்கலங்கள் தொகையால் உச்சத்தில் இருந்தன. றவுஸ் சிமன்ஸ் விரைவிலேயே மஸ்கீகன் நகரின் பெரும் மரவணிகரான சார்ள்ஸ் ஹக்லியின் கைக்கு மாறியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய மரக்கட்டைகளையும் பலகைகளையும் அது சுமந்தது. 1871 ஒக்ரோபரில் சிக்காகோவின் பெரும்பகுதி தீக்கிரையானது. நகரை மீளக் கட்டவும், அதற்கு மேற்கே மரமற்ற புல்வெளிகளிற் குடியேறிய உழவர்க்கு வீடும் களஞ்சியமும் எழுப்பவும் மிச்சிகனின் வெண்பைன் காடுகள் வீழ்ந்தன. நூற்றாண்டு முடியுமுன் அக்காடுகளுட் பெரும்பாலானவை தீர்ந்துபோயின. ஹக்லி தம் செல்வத்தில் மஸ்கீகனுக்கு நூலகமும் மருத்துவமனையும் வழங்கினார். நகரம் அவர் பெயரைச் சொல்லுகின்றது. பாயிழுத்தவர் பெயரைச் சொல்ல எவருக்கும் தெரியாது.

மரம் தீர்ந்தபோது கலமும் பழையதாயிற்று. தாதுப்பொருளும் தானியமும் உருக்கு நீராவிக் கப்பல்களுக்குச் சென்றுவிட்டன. எஞ்சிய ஸ்கூனர்களுட் பல பாய்மரம் களையப்பட்டு இழுவைப் படகுகளாயின. ஏனையவை, பெருமுதல் விட்டொழித்த சில்லறைச் சரக்குகளைச் சுமந்து, சிற்றுடைமையாளர் கையிற் பங்குபங்காகப் பிரிந்தன.

அத்தகையோருள் ஒருவரே ஹேர்மன் ஷூனமன். ஜேர்மனியக் குடியேறிகளின் மகன். அவருடைய தமையன் ஓகஸ்ற் 1898 நவெம்பரில் ‘எஸ். தால்’ என்ற ஸ்கூனரில் நத்தார் மரங்களுடன் மூழ்கி இறந்தவர். அவ்வாறிருந்தும் தம்பி அத்தொழிலைக் கைவிடவில்லை. இதனைத் துணிச்சல் என்று கதை கூறும். ஆனால் 1907இல் ஹேர்மன் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. றவுஸ் சிமன்ஸில் அவருக்கு இருந்தது எட்டில் ஒரு பங்கே. மரங்களை இடைத்தரகரிடம் ஒப்புவியாது, சிக்காகோவின் கிளார்க் வீதிப் பாலத்தடியிற் கலத்தைக் கட்டி, அரை டொலருக்கும் ஒரு டொலருக்குமாக நேரே விற்றதில்தான் அவருக்கு ஆதாயம் இருந்தது. நத்தார் மரத்துக்கு டிசம்பர் 25இன் பின் விலை இல்லை. ஆகவே பிற கலங்கள் துறையில் ஒதுங்கும் நவெம்பர் இறுதியே அவருடைய பருவமாயிற்று. புயற்காலமும் விற்பனைக் காலமும் ஒன்றாயிருந்தமையே அத்தொழிலின் விதி.

1912 நவெம்பர் 22ஆம் நாள், மிச்சிகனின் வடகரையிலுள்ள தொம்சன் துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மரங்களுடன் கலம் புறப்பட்டது. மறுநாள் பிற்பகல் 2.50 மணிக்கு விஸ்கொன்சின் கரையிலுள்ள கெவோனி உயிர்மீட்பு நிலையத்தார், கொடியை அரைக்கம்பத்திற் பறக்கவிட்ட ஸ்கூனர் ஒன்றைத் தொலைவிற் கண்டனர். அவர்களிடம் இயந்திரப் படகு இருக்கவில்லை. 3.10க்குத் தெற்கேயுள்ள ரூ றிவர்ஸ் நிலையத்திற்குத் தொலைபேசியில் அறிவித்தனர். அந்நிலையத்தின் இயந்திரப் படகு உடனே சென்று தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. ஈரமரங்களின் மீது பனி உறைந்து பாரம் கூடியிருக்கும் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். பழங்கலத்தின் பலகைகள் அதற்கு முன்னரே தளர்ந்திருந்தன என்றும் கொள்ளலாம்.

இனி நாம் முதன்மையாகக் கருதும் விடயத்திற்கு வருவோம். இக்கலத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பது எழுத்தில் உள்ளது. மாண்டோர் எத்தனை பேர் என்பது எந்த ஏட்டிலும் உறுதியாக இல்லை. அக்காலச் செய்தித்தாள்கள் பதினொன்று முதல் இருபதுக்கு மேல் வரை வெவ்வேறு தொகைகளைத் தந்தன. மாலுமிகளோடு, வேலை முடிந்து ஊர் திரும்பிய மரவெட்டிகளும் ஏறியிருந்தனர் என்பர். அக்கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. இதே ஆண்டுகளில், 1909 முதல் 1912 வரை, பேரேரிகளின் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தனர். கப்பலுடைமையாளர் சங்கம் ஒவ்வொரு மாலுமிக்கும் நன்னடத்தைப் புத்தகம் ஒன்றைத் திணித்தமை அதன் காரணங்களுள் ஒன்று. உருக்குக் கப்பலில் தொழிலாளி ஒருவனின் பெயர் அவனை அடக்குதற்காக எழுதப்பட்டது. பழைய ஸ்கூனரில் அது எழுதப்படவே இல்லை.

இவ்விடைவெளியையே பழங்கதை நிரப்பிற்று. புறப்படுமுன் எலிகள் கலத்தைவிட்டு ஓடின என்றும், அதுகண்டு மாலுமிகள் சிலர் இறங்கிவிட்டனர் என்றும் கூறுவர். எலியின் முன்னறிவை வியந்தோர், இறங்காதவர்க்கு வேறு வேலை கிடைத்திருக்குமா என வினவவில்லை. ஷூனமன் தீயவரல்லர், வறியோர்க்கு மரம் இலவசமாகக் கொடுத்தவர் என்றே தெரிகின்றது. அவரும் அவ்வேரியின் பொருளாதாரத்தில் அகப்பட்டவரே. அவர் மறைந்தபின் மனைவி பார்பராவும் மகள்மாரும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். காலப்போக்கில் மரங்கள் புகையிரதத்தில் வந்தன.

1924இல் ரூ றிவர்ஸ் மீனவரின் வலையில், எண்ணெய்ச் சீலையிற் சுற்றிய ஷூனமனின் பணப்பை அகப்பட்டது. உள்ளிருந்த தாள்கள் கெடாதிருந்தன. 1971இல் வேறொரு கப்பலைத் தேடிய சுழியோடி ஒருவர் ஏறத்தாழ 165 அடி ஆழத்தில் கலத்தைக் கண்டார். சரக்கறையில் மரங்கள் இன்னும் அடுக்கப்பட்டிருந்தன. நங்கூரம் மேலே கொண்டுவரப்பட்டு, மில்வாக்கியின் உல்லாசப் படகுக் கழகமொன்றின் வாயிலில் நிறுத்தப்பட்டது.