மார்ட்டின் டி-18, டி-28, டி-45

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நாசரேத் என்ற ஊரில் இயங்கும் மார்ட்டின் நிறுவனத்தின் (தோற்றம் 1833) எஃகுத் தந்தி கிட்டார்கள். மூன்றும் 'டிரெட்நாட்' எனப்படும், இடுப்பு அதிகம் ஒடுங்காத பெரிய உடல் கொண்டவை. போர்க்கப்பலின் பெயர் கொண்ட இவ்வடிவம் 1916-இல் ஆலிவர் டிட்சன் என்ற இசைக்கடைக்காக உருவானது. மார்ட்டின் தன் பெயரில் வெளியிட்டது 1931-இல்தான்.

மேற்பலகை மூன்றிலும் ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகையும் பக்கங்களும் டி-18-இல் மஹோகனி; மற்ற இரண்டில் ரோஸ்வுட். மஹோகனியில் சுரம் பளிச்சென்று எழுந்து சீக்கிரம் அடங்கும். பாட்டுக்குத் துணையாக வாசிக்க நல்லது. ரோஸ்வுட்டில் கீழ்ஸ்தாயி கனக்கும், கார்வை நீளும். 1969 வரை பிரேசில் ரோஸ்வுட். அங்கே மரக்கட்டை ஏற்றுமதிக்குத் தடை வந்தபின் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரம்.

டி-45 முதன்முதலில் 1933-இல் நடிகரும் பாடகருமான ஜீன் ஆட்ரிக்காகச் செய்யப்பட்டது. 1942 வரை வெளிவந்தவை 91 மட்டுமே. 1968-இல் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. விளிம்பெங்கும் அபலோன் சிப்பிப் பதிப்பு. டி-28-ஐவிட இதற்குக் கூடுதலாகத் தரும் பணத்தில் பெரும்பங்கு ஒலிக்கன்று, இந்த அலங்காரத்துக்கே.

ஒலித்துளைக்குள் சிறு கண்ணாடியை நீட்டிப் பார்த்தால், மேற்பலகையின் அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டிய தாங்குகட்டைகள் தெரியும். 1944 வரை இவற்றை இடையிடையே குடைந்து மெலிதாக்கினர்; பலகை தாராளமாக அதிர்ந்தது. கனத்த தந்திகளின் இழுப்பைத் தாங்காமல் பலகை உப்பவே, அவ்வழக்கம் கைவிடப்பட்டது. 1976-இல் வந்த எச்டி-28 அதை மீட்டது.