பழைய தண்டனைகளும் புதிய நெறிகளும்: அமெரிக்கக் கிராக் கொக்கைன் வழக்குகள்

ஒரு குற்றத்திற்கான தண்டனை குறைக்கப்படும்போது, முன்பே தீர்ப்புப் பெற்றுச் சிறையில் இருப்பவர்களுக்கும் அக்குறைப்பைத் தரலாமா என்பது குற்றவியல் சட்டத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. தண்டனையைக் கூட்டும் சட்டத்தை முன்னர் நடந்த குற்றங்களுக்குப் பொருத்த அமெரிக்க அரசியலமைப்பு தடை விதிக்கிறது. குறைக்கும் சட்டத்திற்கு அத்தகைய தடை இல்லை. ஆயினும், வெளிப்படையாகக் கூறப்படாவிட்டால் பழைய தண்டனையே நிலைக்கும் என 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது.

1986ஆம் ஆண்டுச் சட்டம்

கூடைப்பந்து வீரர் லென் பயாஸ் 1986 சூன் மாதம் கொக்கைனால் இறந்தார். அப்போது எழுந்த அச்சத்தில் அமெரிக்கக் காங்கிரசு புதிய போதைப்பொருள் சட்டத்தை விரைந்து இயற்றியது. 500 கிராம் தூள் கொக்கைன் விற்றவருக்குரிய குறைந்தபட்ச 5 ஆண்டுச் சிறை, 5 கிராம் கிராக் விற்றவருக்கும் விதிக்கப்பட்டது. கிராக் என்பது தூள் கொக்கைனைச் சமையல் சோடாவுடன் காய்ச்சிப் பெறும் பொருளே. கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

தண்டனைக் குறைப்பு

தண்டனை நெறிகளை வகுக்கும் ஆணையம் 2007இல் கிராக் தண்டனைகளைச் சற்றுக் குறைத்தது. 2008 மார்ச் 3 முதல் பழைய கைதிகளும் இதன்படி மனுச் செய்யலாம் என்றது. வன்முறையாளர் வெளிவருவர், நீதிமன்றங்களின் சுமை கூடும், முடிந்த தீர்ப்பு முடிந்ததாகவே இருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. ஆனால் விடுதலை தானாகக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மனுவையும் நீதிபதி ஆராய்ந்தார். முன்கூட்டியே வெளிவந்தோர், முழுத் தண்டனையும் கழித்தோரைவிட அதிகமாக மீண்டும் குற்றம் செய்யவில்லை என ஆணையத்தின் பிந்தைய ஆய்வு காட்டியது.

சட்டம் விதித்த குறைந்தபட்சத் தண்டனையை ஆணையத்தால் மாற்ற இயலாது. 2010 ஆகத்து 3 அன்று நடைமுறைக்கு வந்த நியாயத் தண்டனைச் சட்டம் 5 கிராம் வரம்பை 28 கிராமாக உயர்த்தியது. பழைய கைதிகளைப் பற்றி அது பேசவில்லை. எனவே 10 கிராம் வழக்கில் முந்தைய நாள் தீர்ப்புப் பெற்றவருக்கு 5 ஆண்டு கட்டாயம். மறுநாள் பெற்றவருக்கு அக்கட்டாயம் இல்லை. குற்றம் ஒன்றே, நாள்காட்டி மட்டுமே வேறு.

2018இன் விளைவு

இவ்வேறுபாட்டை 2018 திசம்பரில் நிறைவேறிய முதல் படிச் சட்டம் பெருமளவு நீக்கியது. ஆயிரக்கணக்கானோர் தண்டனைக் குறைப்புப் பெற்றனர். எனினும் மிகக் குறைந்த அளவுக்கான பிரிவை 2010ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றாததால், அப்பிரிவில் தண்டிக்கப்பட்டோர் சலுகைக்கு உரியவரல்லர் என உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் கைதியிடம் இருந்த கிராக் 4 கிராமுக்கும் குறைவு; அவர் பெற்ற தண்டனையோ 15 ஆண்டுகளுக்கு மேல்.