காற்றோட்ட இருக்கையின் வரலாறு

அமர்பவரின் முதுகிலும் தொடையிலும் தேங்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் சிறு மின்விசிறிகளால் அகற்றும் மகிழுந்து இருக்கையே காற்றோட்ட இருக்கை ஆகும். சுவீடனின் சாப் நிறுவனம், 1997இல் அறிமுகமான தனது 9-5 மகிழுந்தில் இவ்வசதியை அளித்தது. விசிறிகள் துளையிட்ட தோலுறை வழியே காற்றை உள்ளிழுத்தன. அவை குளிர்காற்றை உண்டாக்கவில்லை. வியர்வை விரைவில் ஆவியாவதால் உடல் குளிர்ந்தது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் லிங்கன் நேவிகேட்டரில் அமெரிகான் நிறுவனத்தின் வேறொரு முறை வந்தது. பெல்டியே 1834இல் கண்டறிந்த விளைவின்படி, மின்னோட்டம் பாயும் தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். குளிர்ந்த பக்கத்தைத் தொட்டு வரும் காற்று இருக்கைக்குள் சென்றது.

விசிறி மட்டுமுள்ள இருக்கை, வெயிலில் நின்ற வண்டியில் குளிர்சாதனம் உள்ளறையைக் குளிர்விக்கும் வரை அதிகம் பயன்தராது. முதுகு வியர்க்காமல் காப்பதே அதன் உண்மையான பயன்.