ஊவா மலைகளில் வண்ணத்துப்பூச்சிகள்

1869-ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதியில், கோப்பிச் செடியின் இலைகளிலே செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. இலைத்துரு என்னும் அந்நோய், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலை அழித்துத் தேயிலைக்கு இடம் வகுத்தது. இவ்வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் கோப்பிக்கும் தேயிலைக்கும் நிலம் திருத்தப்பட்டபோது, அம்மலைகளில் அதற்கு முன்பே குடியிருந்த சிற்றுயிர்களின் நிலை யாதாயிற்று என்பது அதிகம் பேசப்படவில்லை. அவற்றுள்ளே கண்ணுக்கு எளிதிற் புலப்படுவது வண்ணத்துப்பூச்சி. அதன் வரலாறு ஊவாவின் நில வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

ஊவா, மலைகள் சூழ்ந்த நாடு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை நடுமலைத் தொடர் தடுத்துவிடுவதால், ஆடி, ஆவணி மாதங்களில் இங்கே வறண்ட காற்றே வீசும். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையில் வடகீழ்க் காற்றோடு வரும். தோட்டங்கள் தோன்றுமுன், பள்ளத்தாக்குகளில் நெல்வயல்களும், சரிவுகளில் பத்தனை எனப்படும் புல்வெளிகளும், ஓடைக்கரைகளிலும் மலையுச்சிகளிலும் காடுகளும் இருந்தன. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதற்குத் தெற்கே நிற்கும் நமுனுகுலை மலையோ 2,000 மீற்றரையும் கடந்தது. ஒரு நாள் நடைக்குள் வெவ்வேறு தட்பவெப்பங்களைக் காணலாம் என்பதால், வண்ணத்துப்பூச்சி இனங்களும் உயரத்துக்கேற்ப மாறுகின்றன.

இலங்கையில் அறியப்பட்டுள்ள வண்ணத்துப்பூச்சி வகைகள் ஏறத்தாழ 250. அவற்றுள் ஏறத்தாழ முப்பது வகைகள் உலகில் வேறெங்கும் காணப்படாதவை. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் வகைகள் மனிதரை அண்டி வாழும். எருக்கிலையை உண்டு வளரும் செம்மஞ்சள் நிறப் பூச்சி, வெயில் விழும் வெளிகளை நாடும். நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியான மஞ்சளும் கருமையும் கலந்த பெருஞ்சிறகுப் பூச்சி, ஈசுவரமூலி இனக் கொடிகளை நம்பி வாழ்வது. இன்னும் மேலே ஏறினால், உயர்மலைக் காட்டுச் சிறுமூங்கிலை உண்டு வளரும் பழுப்பு நிற வகையொன்று இலங்கைக்கே உரியது. எனவே ஒரு செடி மறைந்தால் அதனோடு ஒரு பூச்சியும் மறையும் என்பதே இத்துறையின் முதற்பாடம்.

இப்பூச்சிகளை அறிஞர் நோக்கிய காலமும் காடுகள் வீழ்ந்த காலமும் ஒன்றே. 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், தமது 1859-ஆம் ஆண்டு நூலில், வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் மேகம்போலத் திரண்டு மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் கடந்து செல்வதை வியந்து குறித்துள்ளார். அக்கூட்டம் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை செல்வதாகவே மக்கள் நம்பினர். சிங்களத்தில் அம்மலைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சமனல என்னும் ஒரே சொல் வழங்குகின்றது. பின்னர் பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ், டி அல்விஸ் குடும்பத்துச் சித்திரக்காரரைக் கொண்டு பூச்சிகளையும் புழுக்களையும் வரைவித்தார். அச்சித்திரங்களைத் துணையாகக் கொண்டு பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளை இலண்டனில் வெளியிட்டார். அத்தொகுதிகள் அச்சேறிய ஆண்டுகளிலேயே ஊவாவின் கோப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாயின.

இம்மாற்றம் பூச்சிகளுக்குப் பெரிது. கோப்பி, மழைக்குப்பின் ஓரிரு நாட்களாவது வெண்மலர் சொரியும் செடி. தேயிலையோ கொழுந்துக்காகவே வளர்க்கப்படுவது. ஓயாது கொய்யப்பட்டும் கவாத்துச் செய்யப்பட்டும் வருவதால் அது பூப்பது அரிது. பசுமை நிறைந்த மலைச்சரிவு, தேனுண்ணும் பூச்சிக்கு ஏறக்குறையப் பாலைவனமாயிற்று. ஆயினும் நல்ல முடிவொன்றும் அக்காலத்தே எடுக்கப்பட்டது. காடழிப்பினால் மழையும் நீரும் குறையும் என 1873-இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்ததன் விளைவாக, 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. உச்சிக்காடுகள் பல இன்றும் எஞ்சியிருப்பதற்கு அம்முடிவும் ஒரு காரணம்.

வண்ணத்துப்பூச்சியால் உழவருக்கு யாது பயன் என்று வினவலாம். மகரந்தச் சேர்க்கையில் தேனீக்கே முதலிடம். அதை மறைத்துப் பேசுவது முறையன்று. கொழுந்துத் தேயிலைக்கு மகரந்தச் சேர்க்கையே வேண்டுவதில்லை. ஆனால் நீண்ட குழல்போன்ற மலர்கள் பலவற்றுக்கு வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் ஏற்றது. கார்த்திகைப்பூ எனப்படும் காந்தளில் அதன் சிறகுகளே மகரந்தத்தைச் சுமந்து செல்வதைத் தென்னாபிரிக்க ஆய்வாளர் கண்டுள்ளனர். அன்றியும் அது ஓர் அறிவிப்பாளன். வண்ணத்துப்பூச்சி அற்றுப்போன மலையில், லயத்தோரத்துப் பூசணிக்கும் பாகலுக்கும் வேண்டிய தேனீயும் குறைந்துவருகின்றதா என்று ஐயுறுதல் வேண்டும்.

சிற்றுயிர்களைக் கண்மூடி அழிப்பதன் விலையைத் தேயிலைத் தொழிலே ஒருமுறை கொடுத்தது. இலைகளைப் பிணைத்து அதனுள் வாழும் அந்துப்பூச்சியின் புழு, தேயிலைக்குப் பெருந்தீங்கு செய்துவந்தது. அதனைக் கொல்லும் சிறு குளவியொன்று 1935-36 ஆண்டுகளில் யாவாவிலிருந்து கொணரப்பட்டது. அது பரவியதும் புழுவின் தொல்லை பெரிதும் அடங்கிற்று. பின்னர், தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்டிரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது, வண்டோடு குளவியும் மாண்டது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாத மருந்து தோட்டத்துக்கே கேடாயிற்று.

பாதுகாப்புக்குச் சட்டமும் உண்டு. 1937-ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களால் சில வண்ணத்துப்பூச்சிகளையும் தன்னுள் அடக்கியது. அப்புத்தளைக்கு அருகிலுள்ள தங்கமலைக் காடு 1938-இல் சரணாலயமாக்கப்பட்டது. எனினும் சட்டத்தின் கண் ஒவ்வொரு ஓடைக்கரையையும் எட்டாது. கட்டளை மட்டும் போதாது என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 2015-இல் கிளைபோசேற் களைநாசினி தடைசெய்யப்பட்டது; 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டது. 2021-இல் இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, விளைச்சல் பாதிக்கப்பட, அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்த்தப்பட்டது. தொழிலாளியின் அன்றாட வருவாயைக் கருதாத பாதுகாப்பு நிலைபெறாது.

ஆகவே, ஊவாவில் எஞ்சியுள்ள இடங்களிலிருந்தே தொடங்குதல் தகும். பயிரிட இயலாத செங்குத்துச் சரிவுகள், ஓடையோரப் புதர்கள், பாதையோரங்கள், நமுனுகுலை போன்ற மலைகளின் உச்சிக்காடுகள், லயங்களைச் சுற்றியுள்ள சிறு தோட்டங்கள் ஆகியவையே வண்ணத்துப்பூச்சியின் இன்றைய நாடு. வளர்ந்த பூச்சிக்குத் தேன்மலரும், புழுவுக்குத் தன் உணவுச் செடியும் ஆக இரண்டு வேண்டும். மலர் மட்டும் நட்டால் பூச்சி வந்து போகுமேயன்றித் தங்காது. ஓடையின் இருபுறமும் சில அடி அகலத்துக்குக் களைநாசினி தெளியாது விடுவதால் கொழுந்து குறையாது, மண்ணரிப்பும் தடைப்படும். வெலிமடை, பண்டாரவளைப் பகுதி மரக்கறிச் செய்கையாளர் பூக்கும் வேளையில் மருந்தடிப்பதைத் தவிர்த்தால், காய் பிடிக்கவும் அது உதவும். பாடசாலைப் பிள்ளைகள் கறிவேப்பிலையில் ஊரும் பச்சைப் புழுவை நசுக்காது, அது கூடாகிச் சிறகு விரிப்பதைக் காணப் பழகினால், நாளை கொழுந்து மலையை நிருவகிக்கப் போகும் தலைமுறைக்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.