கிறிஸ்டி வாத்தியாரின் பாலம்

பேத்தியின் பாலிடெக்னிக் புத்தகத்தில் 'வீட்ஸ்டோன் பாலம்' என்ற தலைப்பைப் பார்த்தேன். நியாயமாக அந்தப் பெயர் ஒரு கணக்கு வாத்தியாருக்குப் போயிருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பதிவு.

சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி இங்கிலாந்தில் வூல்விச் ராணுவக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1833இல் இந்தச் சுற்றை எழுதி வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்து வருஷம் கழித்து, 1843இல், சார்லஸ் வீட்ஸ்டோன் அதை எடுத்து விளக்கினார். இது கிறிஸ்டியுடையது என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் உலகம் வீட்ஸ்டோன் பெயரைத்தான் பிடித்துக்கொண்டது.

மண்டபத்தூர்க்காரர்களுக்கு இதை வாய்க்காலை வைத்தே சொல்லிவிடலாம். ஒரே மதகிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிந்து, கீழே ஒரே வடிகாலில் சேருகிறது. நடுவில் இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு வெட்டு. இருபக்கமும் நீர்மட்டம் சமமென்றால், அந்த வெட்டில் கிடக்கும் இலை அசையாது. இலைதான் கால்வனாமீட்டர். வாய்க்கால்களின் நான்கு துண்டுகள்தான் நான்கு மின்தடைகள். மூன்று தெரிந்தால் நான்காவது கணக்கில் வந்துவிடும். மதகில் தண்ணீர் குறைந்தாலும் இலை அசையாது. அதாவது, பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் விடை மாறாது. இதன் அழகே அதுதான்.

தந்திக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஒரு பேச்சுக்கு, மைலுக்கு 10 ஓம் உள்ள கம்பி எங்கோ பழுதாகித் தரையைத் தொட்டுவிட்டது. பாலம் 500 ஓம் காட்டுகிறது. ஏறத்தாழ 50 மைலில் தேடினால் போதும். 1871இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்தி வந்தது. கடலுக்கடியில் அறுந்தால் கண்ணால் பார்த்தா தேட முடியும்? கல்கத்தாவில் இந்தியத் தந்தித் துறையின் மின் நிபுணராக இருந்த ஷ்வெண்ட்லர், கம்பிகளைச் சோதிப்பதற்கென்றே கையேடு எழுதினார். (அலிப்பூர் மிருகக்காட்சி சாலை உருவாகவும் அவர்தான் முக்கியக் காரணம்!)

மாறுமின்னோட்டம் வந்ததும் சிக்கல் கூடியது. முகத்துவாரத்தில் ஓதம் ஏறி இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாய்க்காலிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஏறினாலும், ஒன்று பிந்தி ஏறினால் இலை ஆடும். கம்பிச்சுருள் மின்னோட்டத்தைப் பிந்த வைக்கும், மின்தேக்கி முந்த வைக்கும். ஆகவே அளவும் பொருந்த வேண்டும், நேரமும் பொருந்த வேண்டும். எதிரெதிர்க் கைகளின் இம்பீடன்ஸ் பெருக்கற்பலன்கள் சமமாவதோடு, அவற்றின் கோணக் கூட்டுத்தொகைகளும் சமமாக வேண்டும். கால்வனாமீட்டருக்குப் பதில் தொலைபேசியின் காதுக்குழாயை மாட்டி, சத்தம் அடங்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

'இம்பீடன்ஸ்' என்ற அந்தச் சொல்லை 1886இல் உண்டாக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இந்தப் பாலத்தை எப்படி அமைத்தால் துல்லியம் கூடும் என்று 1873இல், 22 வயதில், அவர் எழுதிய கட்டுரையை மாக்ஸ்வெல்லே தம் நூலில் எடுத்துக்காட்டினார். வீட்ஸ்டோன் அவருக்கு நெருங்கிய உறவு. அம்மாவின் சகோதரியைக் கட்டியவர்.