இருமலும் மயக்கமும்

இருமலை நாம் ஒரு தொல்லையென்றே கருதுகின்றோம். ஆயினும், சத்திரசிகிச்சையின் வரலாற்றிலே அது நோயாளியின் உயிர்க்காவலாக மதிக்கப்பட்ட காலமொன்று இருந்தது.

1846ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே மோட்டன் என்பார் ஈதர் ஆவியினால் நோயாளியை மயக்கி, வலியற்ற சத்திரசிகிச்சைக்கு வழிகாட்டினார். 1882இல் பேர்லின் நகரிலே றொபேட் கொக், காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்தமையை அறிவித்தார். எனினும், அக்கிருமியை வெல்லும் மருந்து ஏறத்தாழ 60 ஆண்டுகள் வரை கிட்டவில்லை. எனவே, நோயுற்ற சுவாசப்பையை ஒடுக்கி ஓய்வளிக்க மருத்துவர் முயன்றனர். விலா என்புகள் சிலவற்றை அகற்றி, மார்புச் சுவரை உள்ளே அமிழச் செய்து, சுவாசப்பையிலுள்ள புண்குழியை மூடும் சத்திரசிகிச்சை இவ்வாறு எழுந்தது.

இங்கேதான் இடர் தோன்றியது. புண்குழியிலே கிருமி செறிந்த சளி தேங்கியிருக்கும். நோயாளியை நலமான பக்கம் கீழே இருக்குமாறு சரித்துக் கிடத்தினால், அச்சளி நல்ல சுவாசப்பைக்குள் வடியக்கூடும். விழித்திருப்பவர் அதனை இருமி வெளியேற்றுவார். ஆழ்ந்த மயக்கத்திலிருப்பவருக்கோ இருமல் எழாது. வலியை நீக்கிய மருந்தே காவலையும் நீக்கிவிட்டது. இதற்கு அஞ்சிய மருத்துவர் பலர், 1905இல் வழக்கிற்கு வந்த நோவொகேயின் என்னும் மருந்தை ஊசிமூலம் ஏற்றி, மார்புப் பகுதியை மட்டும் விறைக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கவே என்புகளை வெட்டினர். தம் என்பு வெட்டப்படுவதை உணர்ந்தவாறே கிடந்த அந்நோயாளரின் மனத்துயரைச் சொல்லவும் வேண்டுமோ?

1949இல் சுவீடன் நாட்டு மருத்துவர் கார்லென்ஸ், இரு துவாரங்களையுடைய இறப்பர்க் குழாயொன்றை அமைத்தார். இரு சுவாசப்பைகளின் ஆற்றலையும் தனித்தனியே அளப்பதற்கே அது முதலில் பயன்பட்டது. மறு ஆண்டில் அவரும் பியோர்க் என்னும் மருத்துவரும், அக்குழாயினால் இரு சுவாசப்பைகளையும் வேறுபிரித்து, மயக்கத்திலுள்ள நோயாளியிலும் சளி மறுபக்கம் பரவாது தடுக்கலாமென எடுத்துக்காட்டினர். இருமலின் காவற்பணியைக் குழாய் ஏற்றது. நோயாளி அச்சமின்றித் துயின்றார்.

1943இல் கண்டறியப்பட்ட ஸ்ரெப்டொமைசினும், 1952இல் வழக்கிற்கு வந்த ஐசோனியாசிட்டும் அத்தகைய சத்திரசிகிச்சைகளைப் பெரிதும் குறைத்துவிட்டன. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கே இன்று சிலவேளை அவை வேண்டப்படுகின்றன. ஆயினும், அக்குழாயின் வழிவந்தவை சுவாசப்பைப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையிலே இன்றும் நாள்தோறும் பயன்படுகின்றன. மயக்கமருந்து வலியோடு வேறெதனைப் பறிக்கின்றது என்று கேட்டறிந்து, பறிக்கப்பட்டதற்கு ஈடு செய்தமையே காசநோயாளர் மருத்துவத்திற்கு விட்டுச்சென்ற செல்வமாகும்.