பள்ளி விளையாட்டு அணிகள்: குறுவட்டம் முதல் தேசியம் வரை

தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டு அணிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற படிகளில் மோதுகின்றன. பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்ற பெயர்களில் பள்ளிக் கல்வித் துறை இவற்றை ஆண்டுதோறும் நடத்துகிறது. தேசியப் போட்டிகளை 1954இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்துகிறது. ஒவ்வொரு படியிலும் எதிரணியின் பலம் கூடுகிறது. ஆடுகளம், அணித் தேர்வு, பயிற்சி, செலவு ஆகியவையும் மாறுகின்றன. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை போன்ற ஊராட்சியில் வளரும் ஒரு பிள்ளை இந்தப் படிகளை எப்படிக் கடக்கிறது என்று பார்த்தால் அமைப்பு முழுவதும் விளங்கும்.

வயதுப் பிரிவுகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே விளையாட்டுக்கு வார்சிட்டி என்ற முதன்மை அணியும் ஜூனியர் வார்சிட்டி என்ற இரண்டாம் அணியும் இருக்கும். திறனில் ஒரு படி பின்தங்கியவர்களும் இளையவர்களும் இரண்டாம் அணியில் ஆடி, பிற பள்ளிகளின் இரண்டாம் அணிகளோடு மோதுவார்கள். தமிழ்நாட்டில் பிரிவுகள் வயதை வைத்தே அமைகின்றன. 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என மாணவருக்கு மூன்று, மாணவியருக்கு மூன்று. பிறந்த தேதியே எல்லைக்கோடு என்பதால், நுழைவுப் படிவத்தில் நிழற்படம், பிறப்புச் சான்று, தலைமை ஆசிரியர் கையொப்பம் எல்லாம் சரிபார்க்கப்படும். கபடியின் இளையோர் பிரிவுகளில் எடை வரம்பும் உண்டு.

இதன் நன்மை தெளிவானது. ஏழாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு மாணவனோடு மோத வேண்டியதில்லை. குறையும் ஒன்று உண்டு. ஒரு பிரிவில் பள்ளி அணிக்குள் வராத மாணவனுக்கு வேறு அணி கிடையாது. அந்த ஆண்டு அவன் பயிற்சியோடு நிற்க வேண்டியதுதான்.

பள்ளிக்குள்

அணியின் வேர் பள்ளி மைதானத்தில் இருக்கிறது. நிறங்களின் பெயரிலோ தலைவர்களின் பெயரிலோ மாணவர்களைப் பிரித்து நடத்தும் ஆண்டு விளையாட்டு விழாவில் உடற்கல்வி ஆசிரியரின் கண்ணில் சிலர் படுகிறார்கள். காலையிலும் மாலையிலும் அவர்களுக்குப் பயிற்சி தருகிறார். பல பள்ளிகளில் கபடிக்கும் கோ-கோவுக்கும் கையுந்துபந்துக்கும் தடகளத்துக்கும் அந்த ஒருவரேதான் பயிற்றுநர். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி முதல் இன்றைய உடற்கல்விக் கல்லூரிகள் வரை, தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டு இந்த ஆசிரியர்களின் தோளில்தான் நிற்கிறது.

கபடியில் களத்தில் ஏழு பேர், கோ-கோவில் ஒன்பது பேர், கையுந்துபந்தில் ஆறு பேர், பூப்பந்தில் ஐந்து பேர். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள் பூப்பந்து, வளையப்பந்து, எறிபந்து போன்றவற்றை நாடுவதற்கு ஆள் கணக்கும் இடக் கணக்கும் காரணங்கள்.

குறுவட்டம்

அருகருகே உள்ள பள்ளிகளைச் சேர்த்தது குறுவட்டம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்ற வேறுபாடு இங்கே இல்லை. எல்லாரும் ஒரே அட்டவணையில் ஆடுவார்கள். குத்துக்கல்வலசைக்கு எட்டும் தூரத்தில் தென்காசி நகரின் அரசு மேல்நிலைப் பள்ளிகளும் இலஞ்சி ராமசாமி பிள்ளை மேல்நிலைப் பள்ளியும் இருக்கின்றன. பெரிய மைதானமும் நீண்ட விளையாட்டு மரபும் உள்ள பள்ளியும், முதல்முறை அணி அனுப்பும் பள்ளியும் இந்தப் படியில்தான் நேருக்கு நேர் நிற்கின்றன.

குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகின்றன. தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பகுதிகளுக்கு அது சாரல் காலம். அருவிக்குக் கூட்டம் வரும் அதே வாரங்களில் மண் ஆடுகளங்கள் ஈரமாகி, ஆட்டங்கள் தள்ளிப்போகும். ஜூனில் பள்ளி திறந்து, ஓரிரு மாதப் பயிற்சியோடு இறங்கும் அணிகளுக்கு அந்தக் குறுகிய பயிற்சியிலும் மழை ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

இந்தப் படியில் பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறையே நடக்கிறது. 16 அணிகள் வந்தால் 15 ஆட்டங்களில் வெற்றியாளர் தெரிந்துவிடும். நேரமும் நடுவரும் மிச்சம். ஆனால் முதல் சுற்றிலேயே 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு அந்த ஆண்டை முடித்துக்கொள்கின்றன. அதே 16 அணிகளை நான்கு நான்காகப் பிரித்து லீக் நடத்தினால் 24 ஆட்டங்கள். அரையிறுதி, இறுதியோடு 27. பன்னிரண்டு ஆட்டங்கள் கூடுகின்றன. ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதியாகின்றன.

வருவாய் மாவட்டமும் மாநிலமும்

குறுவட்டத்தில் வென்ற பள்ளி வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போகிறது. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. எட்டு வட்டங்கள் கொண்ட இம்மாவட்டத்தில் சங்கரன்கோவில், சிவகிரி, ஆலங்குளம் பக்கத்துப் பள்ளிகளும் தென்காசிப் பள்ளிகளும் தங்களுக்குள் ஒரு வெற்றியாளரைத் தீர்மானிக்க வழி பிறந்தது. ஒருங்கிணைந்த நெல்லை மாவட்டத்தில் பாளையங்கோட்டையின் வலுவான பள்ளிகளைத் தாண்டித்தான் மாநிலப் போட்டியை எட்ட முடியும் என்ற நிலையோடு ஒப்பிட்டால், இது மேற்கு வட்டாரப் பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பு.

மாநிலப் போட்டியில் ஆட்டத்தின் வேகமே வேறு. விளையாட்டு விடுதி மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் இங்கே எதிரே வருகின்றன. 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் அந்த விடுதிகளில் தங்குமிடமும் உணவும் முறையான பயிற்றுநரும் உண்டு. மண்ணில் பழகிய கபடி அணி செயற்கை விரிப்பில் ஆட வேண்டியிருக்கும். காலணியும் காலசைவும் மாறும். ஹாக்கியிலும் இதே நிலை. செயற்கைப் புல்தரையும் சிறப்புப் பயிற்சி மையமும் உள்ள கோவில்பட்டியில் பழகிய எஸ். மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றார். தரமான களம் பக்கத்தில் இருந்தால் தென் மாவட்டப் பிள்ளை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது சான்று.

தேசியம்

தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் பள்ளியின் பெயர் பின்னுக்குப் போய்விடுகிறது. தேர்வு முகாமில் பல மாவட்டப் பள்ளிகளின் ஆட்டக்காரர்களிலிருந்து ஒரு தமிழ்நாடு அணி பொறுக்கி எடுக்கப்படுகிறது. வென்ற பள்ளியின் எல்லா ஆட்டக்காரர்களும் அதில் இருப்பார்கள் என்ற உறுதி இல்லை. தோற்ற பள்ளியின் சிறந்த ஆட்டக்காரர் உள்ளே வரவும் கூடும். சி.பி.எஸ்.இ. பள்ளிகள், கேந்திரிய வித்யாலயங்கள் போன்றவை தங்களுக்குள் தனிப் படிகளில் ஆடி, தனி அலகுகளாகத் தேசியப் போட்டிக்கு வருகின்றன.

பள்ளியே பள்ளியாகத் தேசியக் களம் காணும் போட்டியும் உண்டு. விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரில் 1960இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பைக் கால்பந்து அதில் பெயர்பெற்றது. தேசியத்துக்கு மேலே, 1972இல் உருவான சர்வதேசப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் ஜிம்னாசியாடு போட்டி இருக்கிறது.

தமிழ்நாட்டைப் போலவே இலங்கையிலும் கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிகள் அமைகின்றன. அங்கே படிகளுக்கு வெளியே வாழும் மரபும் வலுவானது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதும் வடக்கின் பெரும் சமர், எந்தக் கோப்பைப் படியையும் சாராமல் ஊரையே மைதானத்துக்கு அழைத்து வருகிறது.

இணைப் பாதைகள்

முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவருக்குத் தனிப் பிரிவு உண்டு. மாநில அளவில் தனிநபர் போட்டிகளில் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய். குழுப் போட்டிகளில் வெல்லும் அணியின் ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபாய். 2018இல் கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகளாகத் தொடங்கி இளையோர் விளையாட்டுகளாக மாறிய போட்டியை 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்தி, பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது.

சான்றிதழின் எடை

எந்தப் படி வரை ஆடினார் என்பதே பின்னாளில் மாணவருக்குக் கணக்கு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உள்ளன. மாநில அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுப் பணி விதிகளில் தேசியப் பள்ளி விளையாட்டுக்கென்றே தனிச் சான்றுப் படிவம் இருக்கிறது. ஆகவே ஒரு படி தவறினால் இழப்பு பதக்கத்தோடு நிற்பதில்லை. 2023 ஜூனில் நடந்த தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில், தகவல் உரிய நேரத்தில் போய்ச்சேராததால் தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் கலந்துகொள்ள முடியாமல் போனது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு திரும்பக் கிடைக்காது.

மதிப்பீடு

தென் மாவட்ட மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியின் மணத்தி கணேசன் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். மேற்படிகளுக்குப் பரிசும் விடுதியும் விரிப்பும் பெருகியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் பெரும்பான்மைப் பிள்ளைகள் ஆடுவது குறுவட்டத்தில். அங்கே ஓர் அணிக்கு ஆண்டில் ஒரே ஆட்டம் என்றால், தேறும் முன்பே வடிகட்டிவிடுகிறோம். குறுவட்டத்தில் லீக் முறை, ஒவ்வொரு பள்ளிக்கும் உடற்கல்வி ஆசிரியர், மழைக்கு ஒதுங்கி ஆட ஒரு கூரையிட்ட களம் ஆகிய மூன்றையும் அரசும் ஊராட்சிகளும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து தர முடியும். தர வேண்டும்.